ஒரு ‘நம்ம’வும் ஒரு வழக்கும்

1

ஊரில் இருப்பவர்களுக்கு என் வேலையைப் புரியவைப்பதில் நான் இதுவரை ஜெயித்ததே இல்லை. ‘போட்டிச் சட்டம்’ என்று சொன்னால் தூத்துக்குடியில் என் சித்தி உட்பட எல்லாரும் போட்டித் தேர்வு என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். போன தடவை லீவுக்குப் போயிருந்தபோது சித்தி பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். “இவ குரூப் டூ எழுதுதா. நீ துபாய்ல இதத்தான சொல்லிக் குடுக்க? ரெண்டு டிப்ஸ் குடுத்து அனுப்பு” என்றாள். நானும் மறுக்கவில்லை. கேள்வியை முழுசாகப் படித்துவிட்டு பதில் எழுது என்று சொல்லி அனுப்பினேன். அந்த அறிவுரை எனக்கே தேவைப்படும் என்று அப்போது தெரியாது.

சித்தியைக் குறை சொல்லவும் முடியாது. நான் இங்கே வந்த புதிதில், துபாயின் தேரா பகுதியில் விசா பாரம் நிரப்பும் டைப்பிங் சென்டருக்குப் போனேன். ‘போட்டிச் சட்ட ஆலோசகர்’ என்று சொன்னதும் அங்கிருந்த மலையாளி தலையை நிமிர்த்தி, “எந்து ஸ்போர்ட்டா மேடம்?” என்று கேட்டார். நான் விளக்கினேன். அவர் தலையாட்டினார். ஒரு வாரம் கழித்து வந்த காகிதத்தில், அரபியில், நான் விளையாட்டுப் போட்டிகளுக்கான ஆலோசகராக இருந்தேன். அதைத் திருத்துவதற்கு மூன்று கவுண்டர், நான்கு டோக்கன், ஒரு மன்னிப்புக் கடிதம். மன்னிப்பு நான்தான் கேட்கவேண்டியிருந்தது.

என் வேலை இதுதான். ஒரே சரக்கை விற்கும் வியாபாரிகள் ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டு விற்கவேண்டும். தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு விலையை ஏற்றக் கூடாது. அப்படிப் பேசிவைத்துக்கொண்டார்களா என்று விசாரித்து அறிக்கை எழுதுகிறேன். சாயங்காலங்களில் வாரம் ஒரு நாள் ஒரு சட்டக் கல்லூரியில் அதையே பாடமாகச் சொல்கிறேன்.

இந்த மாதத்தோடு நான் வளைகுடாவுக்கு வந்து பத்து வருடம் ஆகிறது. இதே மாதத்தில் ஒரு கோப்பும் மூடப்பட்டது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். மனசு லேசாக இருக்கிறது. லேசாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது மறந்து பழைய திமிர் திரும்பிவிடும். பெயர்களையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். கோப்பு மூடினாலும் வாயை மூடியே வைத்திருக்கவேண்டிய உத்தியோகம் இது.

2

திமிர் என்று சொன்னேனே, அது தில்லியில் ஆரம்பித்தது.

சட்டம் படித்து முடித்து, அங்கே இதே மாதிரி ஓர் அமலாக்க அலுவலகத்தில் சேர்ந்தேன். முதல் வருடமே ஒரு டெண்டர் கோப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் படுக்கை விரிப்பு வாங்குகிற டெண்டர். மூன்று கம்பெனிகள், மூன்று ஊர்கள், மூன்று விதமான லெட்டர்பேடு. ஆனால் மூன்று கடிதத்திலும் ‘பெட்ஷீட்’ என்ற ஆங்கிலச் சொல்லில் ஒரே இடத்தில் ஒரே எழுத்து விட்டுப்போயிருந்தது. மூன்றும் ஒரே கம்ப்யூட்டரில் அடித்த கடிதங்கள் என்பது பிறகு நிரூபணமானது. அன்றிலிருந்து அலுவலகத்தில் எனக்கு ‘ஸ்பெல்லிங் மேடம்’ என்று பெயர். வெளியே அலுத்துக்கொண்டேன், உள்ளுக்குள் பெருமைதான்.

பிறகு ஆராய்ச்சி. உடன்பாடு என்றால் என்ன என்பதுதான் தலைப்பு. ஒரே தெருவில் பத்து வீட்டில் ஒரே நேரத்தில் கொடியிலிருந்து துணி எடுக்கிறார்கள் என்றால் அவர்கள் பேசிவைத்துக்கொண்டார்கள் என்று அர்த்தமில்லை, மழை வருகிறது என்று அர்த்தம். விலையும் அப்படித்தான். எல்லாரும் ஒரே சமயத்தில் ஏற்றினால் மட்டும் போதாது, சேர்ந்து ஏற்றினார்கள் என்று காட்டவேண்டும். இதைச் சொல்ல எனக்கு முந்நூறு பக்கம் தேவைப்பட்டது. அந்த முந்நூறு பக்கத்தை நம்பித்தான் இந்த ஊரில் எனக்கு வேலை கொடுத்தார்கள்.

வந்ததும் நான் செய்த முதல் காரியம் ஒரு விதிமுறை எழுதியது. இங்கே விசாரணைக்கு வருகிறவர்களும் இந்தியா, பாகிஸ்தான், எகிப்து, விசாரிக்கிறவர்களும் அப்படியே. ஊர்ப்பாசம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா? ஆகவே, விசாரணை அதிகாரியின் தாய்மொழியில் சாட்சியம் இருந்தால் அவர் மூலத்தைத் தொடக் கூடாது, முத்திரை குத்திய மொழிபெயர்ப்பை மட்டுமே படிக்கவேண்டும் என்று எழுதினேன். எல்லாரும் பாராட்டினார்கள். எங்கள் துறைத் தலைவர் ஹாதிம் மட்டும் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அவர் சூடானைச் சேர்ந்த பெரிய சட்ட அறிஞர், அதிகம் பேசமாட்டார். பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டார்.

3

அந்த விதிமுறை இருக்கிறதே என்ற தைரியத்தில் என்னிடமே வந்ததுதான் மெஸ் வழக்கு.

தொழிலாளர் கேம்ப்பில் தங்கி வேலை செய்கிறவர்களுக்கு மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் மெஸ்கள் ஷார்ஜா தொழில்பேட்டையில் நிறைய உண்டு. அதில் இரண்டு மெஸ் தமிழர்களுடையது. ஒன்று குமரேசன் என்பவருடையது. அறந்தாங்கிப் பக்கத்துக்காரர், கம்பி கட்டும் வேலைக்கு வந்து, பிறகு சமையலில் இறங்கி, உள்ளூர் பார்ட்னர் ஒருவரோடு லைசென்ஸ் எடுத்து மெஸ் நடத்துகிறார். இன்னொன்று ஜாபர் என்பவருடையது. இரண்டு பேரும் அடுத்தடுத்து மாதச் சாப்பாட்டு ரேட்டை ஏற்றினார்கள். கேம்ப் வைத்திருந்த ஒரு கம்பெனி, இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து ஏற்றுகிறார்கள் என்று எங்களுக்குப் புகார் அனுப்பியது.

குமரேசன் மெஸ்ஸுக்கு விசாரிக்க நானே போனேன். அடுப்படி முழுக்க சாம்பார் வாசம். எக்ஸாஸ்ட் ஃபேன் இரைச்சல். எனக்குக் காலையில் சாப்பிட நேரமில்லாமல் போயிருந்ததால் அந்த வாசம் என்னை என்னவோ செய்தது. குமரேசன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்தார். ஐம்பது வயது இருக்கும். என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“மேடம் தமிழுங்களா?”

“ஹிந்தி மே போலியே” என்றேன்.

இந்தியில் பேசுங்கள் என்று சொன்னேன். தமிழிலிருந்து மொழிபெயர்ப்பவர் அன்று கிடைக்கவில்லை, இந்திக்கு ஆள் இருந்தது. விதிமுறைப்படி அதுதான் சரி. அவருடைய மலர்ந்த முகம் அப்படியே வாடியதைப் பார்த்தேன். பார்த்தும் நோட்டைத் திறந்தேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

“ரேட்டை ஏற்றினீர்களா?” என்று இந்தியில் கேட்கப்பட்டது.

“ஹா மேடம். ஹம் ரேட் படாயா” என்றார்.

வளைகுடாவில் பேசும் இந்தி தெரிந்தவர்களுக்கு இது ஒன்றுமில்லை. தனி ஆள் தன்னைச் சொல்லும்போதும் ‘ஹம்’, அதாவது ‘நாங்கள்’ என்பான். ஆனால் வாக்குமூலத்தில் அது, ‘ஆம், நாங்கள் விலையை உயர்த்தினோம்’ என்று பதிவானது.

அதோடு ஒரு வாய்ஸ் மெசேஜ். குமரேசன் ஜாபருக்கு வாட்ஸாப்பில் அனுப்பியது. தமிழில் இருந்ததால் நான் கேட்கவில்லை. முத்திரை குத்திய ஆங்கில மொழிபெயர்ப்பு மேஜைக்கு வந்தது. அதில் நடுவில் ஒரு வரி, நான் படித்துக்கொண்டபடி: ‘அடுத்த மாதத்திலிருந்து நமது மெஸ்களில் விலையை உயர்த்தப்போகிறோம்.’ நமது மெஸ்கள். உயர்த்தப்போகிறோம். ஒரு போட்டியாளர் இன்னொரு போட்டியாளருக்குச் சொன்னது. வகுப்பில் உதாரணமாகச் சொல்வதற்குக்கூட இதைவிடத் தெளிவாக ஒன்றை நான் கற்பனை செய்ததில்லை.

கூட்டுச் சேர்ந்தது உண்மை என்று அறிக்கை எழுதினேன். அபராதம் விதிக்கவும், லைசென்ஸை நிறுத்திவைக்கவும் பரிந்துரை. லைசென்ஸ் நின்றால் அவருடைய பதினோரு சமையல்காரர்களின் விசாவும் அந்தரத்தில் தொங்கும். அது எனக்குத் தெரியும். சட்டத்தின் முன் அது காரணமாகாது என்பதும் தெரியும். திங்கட்கிழமை ஹாதிம் கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

4

அதற்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம், என் மகள் ஷெரினை டியூஷனிலிருந்து அழைத்துக்கொண்டு வந்தேன். பதினைந்து வயது. இங்கேயே வளர்ந்தவள். கணவருக்குக் கடலுக்குள் எண்ணெய் மேடையில் வேலை, மாதத்தில் பாதி நாள் அங்கேதான். ஆகவே வீட்டில் தமிழுக்குக் காவல் நான் ஒருத்தி. நானோ நாள் முழுக்க ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து அவள் தமிழைத் திருத்துகிற ஆள்.

வண்டியில் ஏறி பெல்ட் போட்டதும் கேட்டாள். “அம்மா, நாங்க எங்க சாப்பிடப் போறோம்?”

எனக்குச் சுருக்கென்றது. பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து எங்கேயோ போகத் திட்டம் போட்டிருக்கிறார்கள், என்னை வண்டி ஓட்ட மட்டும் வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

“யார் யாரு போறிய? எங்க இறக்கி விடணும்?”

“வாட்? உன்கூடதாம்மா.”

“அப்ப ‘நாங்க’ன்னு ஏம்ட்டி சொல்லுத? ‘நாங்க’ன்னா அதுல நான் இல்லட்டி. என்னையும் சேக்கணும்னா ‘நாம’ன்னு சொல்லணும்.”

“நாங்க, நாம, வாட்டெவர். ரெண்டும் ‘வீ’ தானேம்மா?”

“ரெண்டும் ஒண்ணு இல்ல. ஒண்ணுல அம்மா வெளிய நிக்கேன், இன்னொண்ணுல உள்ள இருக்கேன்.”

“ஓகே, ஓகே. நாம. ஹேப்பி?” என்று போனுக்குள் குனிந்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் அவள்மேல் கோபமாக இருந்தேன். சொந்த மொழியில் அம்மாவை உள்ளே வைப்பதா வெளியே வைப்பதா என்றே தெரியாமல் ஒரு பிள்ளை வளர்ந்துவிட்டதே என்று. எந்தத் தாய்க்கும் இந்த ஊரில் இந்த வருத்தம் உண்டு. நானும் பட்டேன். சிக்னலில் நின்றோம். பச்சை விழுந்தது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

வண்டியை நான் எடுக்கவில்லை. குமரேசன் என்ன சொன்னார்? ‘நாங்க’ என்றாரா, ‘நாம’ என்றாரா? ‘நாங்க ஏத்தப்போறோம்’ என்றால் என் கடையில் ஏற்றப்போகிறேன், அதில் நீ இல்லை என்று அர்த்தம். ‘நாம ஏத்தப்போறோம்’ என்றால் நீயும் நானும் சேர்ந்து. ஒன்றில் குற்றமில்லை, ஒன்றில் குற்றம். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல். உடன்பாட்டைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதிய நான் அந்த ஒரே சொல்லைப் படித்துவிட்டு ஒரு மனிதரின் அடுப்பை அணைக்கப் பரிந்துரை எழுதியிருக்கிறேன். பெற்ற பிள்ளையிடம் வியாக்கியானம் செய்கிறேன், மூலத்தைக் கேட்கவே இல்லை.

“அம்மா! க்ரீன்!” என்று கத்தினாள் ஷெரின்.

அன்று நாங்கள் எங்கே சாப்பிட்டோம் என்பது எனக்கு நினைவில்லை.

5

திங்கட்கிழமை காலை, அறிக்கை ஹாதிம் மேஜைக்குப் போவதற்கு முன்பே திரும்ப எடுத்துக்கொண்டேன். மூலக் குரல்பதிவைக் கேட்க விண்ணப்பம் போட்டேன். விண்ணப்பம் கம்ப்யூட்டரில்தான். காரணம் என்ற இடத்தில் ஐந்தாறு பதில்கள் தயாராக இருந்தன: பதிவு சேதமடைந்தது, நகல் தேவை, நீதிமன்றம் கேட்டது. ‘சந்தேகம்’ என்று ஒன்று இல்லை. ‘இதர’ என்பதைத் தட்டினேன். உடனே சிவப்பில் ஒரு வரி வந்தது. விதிமுறைப்படி உங்கள் தாய்மொழிச் சாட்சியத்தை நீங்கள் கேட்க அனுமதி இல்லை. விதிமுறையின் எண்ணையும் போட்டிருந்தது. நான் எழுதிய விதிமுறை.

விதிவிலக்குக்குத் தனி பாரம். அதற்கு ஒப்புதல் இரண்டு பேர். வியாழக்கிழமைதான் கிடைத்தது. என் காண்ட்ராக்ட் புதுப்பிக்கும் காகிதமும் அதே வாரம் மேலே போயிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அறிக்கையை நானே தப்பு என்று சொல்லிக்கொண்டு போவதற்கு அதைவிட மோசமான வாரம் கிடையாது.

சாட்சிய அறையில் ஒரு ஊழியர் கூடவே உட்காரவேண்டும் என்பது விதி. உள்ளூர்ப் பெண், சின்ன வயது, மரியாதையானவள். அவளுக்கு ஒரு ஹெட்ஃபோன், எனக்கு ஒன்று. தட்டினாள்.

எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தம்தான் முதலில் வந்தது. பிறகு குமரேசன்.

“ஜாபரண்ணே, குமரேசன் பேசுறேன். நம்ம சம்சாரத்துக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சுண்ணே. நீங்க விசாரிச்சீங்கன்னு பயலுக சொன்னாங்க. வேற ஒண்ணுமில்லண்ணே. அரிசிக்காரன் மறுபடி ஏத்திட்டான். கட்டுப்படியாகல. அடுத்த மாசத்துலேர்ந்து நம்ம மெஸ்ல ரேட்ட ஏத்தப்போறோம். பாப்போம்ண்ணே. சரிண்ணே, வச்சிடுறேன்.”

‘நாங்க’ இல்லை. ‘நாம’வும் இல்லை. ‘நம்ம மெஸ்ல.’

இலக்கணத்தில் ‘நம்ம’ என்றால் கேட்கிறவனையும் சேர்த்துத்தான். உன்னுடையதும் என்னுடையதும். அப்படியானால் நான் எழுதியது சரி. அவர் மாட்டிக்கொண்டார். நான் தப்பித்தேன். அந்த ஒரு நொடியில் எனக்குத் துளி நிம்மதி வந்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

மறுபடி போடச் சொன்னேன். “ஜாபரண்ணே, குமரேசன் பேசுறேன். நம்ம சம்சாரத்துக்கு…”

சிரித்துவிட்டேன். சத்தமாக, வாயைப் பொத்த நேரமில்லாமல். அந்தப் பெண் பயந்துபோய்ப் பதிவை நிறுத்திவிட்டாள்.

‘நம்ம சம்சாரம்.’ நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் சொல்வதுதான். நம்ம வீட்டுக்காரி, நம்ம பொண்ணு, நம்ம கடை, நம்ம வீட்டுக்கு ஒருநாள் வாங்க. சொல்கிறவனுடையதுதான் எல்லாம். ‘என்’ என்று சொன்னால் பிரித்துப் பேசுகிற மாதிரி இருக்கும் என்று ஒரு மரியாதைக்கு, ஒரு பிரியத்துக்கு ‘நம்ம’ என்கிறோம். கேட்கிறவருக்கு அதில் ஒரு பங்கும் கிடையாது. ‘ஏத்தப்போறோம்’ என்பதும் அப்படித்தான், கடைக்காரர் தன் கடையைச் சொல்வது. ‘நம்ம மெஸ்’ என்பது இரண்டு பேர் மெஸ்ஸும்தான் என்றால், குமரேசனும் ஜாபரும் ஒரே மனைவியைக் கட்டியிருக்கவேண்டும்.

மொழிபெயர்ப்பை எடுத்துப் பார்த்தேன். ஆரம்பத்தில்: ‘என் மனைவிக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது.’ அங்கே ‘நம்ம’வை ‘என்’ என்று சரியாகவே போட்டிருக்கிறார். நான்கு வாக்கியம் தள்ளி அதே ‘நம்ம’ ‘நமது’ ஆகிவிட்டது. ‘மெஸ்’ என்பது ஒன்றா பலவா என்று தமிழில் சொல்லவே இல்லை, அவராக ‘மெஸ்கள்’ ஆக்கியிருக்கிறார். அவரைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. நான் அனுப்பிய காகிதத்தின் தலைப்பிலேயே ‘இரண்டு மெஸ்கள் கூட்டு’ என்று இருந்தது. பார்த்ததை வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார்.

“எனி ப்ராப்ளம், துக்தூரா?” என்று அந்தப் பெண் கேட்டாள். இங்கே அரபியில் டாக்டர் பட்டம் வாங்கிய பெண்ணை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“மாஃபி” என்றேன். ஒன்றுமில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

6

ஹாதிமிடம் போனேன். சொல்லவேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன், எல்லாம் போய்விட்டது. “தவறு செய்துவிட்டேன். என்னுடைய தவறு” என்று ஆரம்பித்தேன்.

அவர் உட்காரச் சொல்லி முழுக்கக் கேட்டார். எங்களுடைய பேச்சு ஆங்கிலத்தில்தான் நடக்கும்.

“உங்கள் மொழியில் எத்தனை ‘நாம்’ இருக்கிறது?”

“கேட்பவரைச் சேர்த்து ஒன்று, சேர்க்காமல் ஒன்று. சேர்க்கிறதையே சும்மா அன்புக்கும் சொல்வோம்.”

“அரபியில் இரண்டு பேரைச் சொல்லத் தனி வடிவமே உண்டு. ஆனால் ‘நாம்’ என்று வரும்போது அதுகூடக் கிடையாது, ஒரே ‘நஹ்னு’தான்” என்றார் யோசனையாக. அப்புறம், “அந்த மனைவி விஷயத்தை இன்னொரு தடவை சொல்லுங்கள்” என்றார்.

சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். பத்து வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்து முடித்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேட்டார். “அந்த விதிமுறையை எழுதினீர்களே, நியாயமாக இருக்கவேண்டும் என்று எழுதினீர்களா, உங்களை யாரும் ஒன்றும் சொல்லிவிடக் கூடாது என்று எழுதினீர்களா?”

நான் அறிக்கையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். “மறுபடி விசாரியுங்கள். இந்தத் தடவை அவருடைய மொழியில்” என்றார்.

தமிழ் மொழிபெயர்ப்பாளரை வரவழைத்து வாக்குமூலம் வாங்கினோம். நான் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். தமிழில் பேசச் சொன்னதும் குமரேசன் வேறு ஆளாகிவிட்டார். இந்தியில் நாலு சொல் பேசியவர் தமிழில் அரைமணி நேரம் பேசினார்.

“யாருகிட்டயும் எதுவும் பேசிவைக்கலீங்க. ஜாபரண்ணன் ஆபரேஷனப் பத்தி விசாரிச்சாரு, அதுக்கு பதில் போட்டேன். அரிசிக்காரன் ஏத்துனது வயித்தெரிச்சலா இருந்துச்சு, அதையும் சேத்துச் சொல்லிட்டேன். அவரு ஏத்துனாரா இல்லையான்னு நான் கேக்கவே இல்லீங்க. எங்க பொழப்பு எங்களுக்கு.”

அரிசி வியாபாரியையும் கேட்டோம். அந்த மாதம் தன்னிடம் வாங்கும் எல்லா மெஸ்ஸுக்கும் ஏற்றியதாகக் காகிதத்தோடு காட்டினார். மற்ற மெஸ்களும் முன்னே பின்னே ஏற்றியிருந்தன. தெருவே துணி எடுத்திருக்கிறது, மழைதான். உடன்பாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று அறிக்கையை மாற்றி எழுதினேன். விலை ஏற்றப்போவதைப் போட்டியாளரிடம் சொல்லிக்கொண்டிருப்பதும் வம்புதான் என்பதால் இருவருக்கும் ஓர் எச்சரிக்கை மட்டும். என் விதிமுறையிலும் ஒரு பத்தி சேர்ந்தது. மொழிபெயர்ப்பை, மூலத்தின் மொழி தெரிந்த இன்னொருவர் கட்டாயம் சரிபார்க்கவேண்டும்.

வீட்டில் ஷெரினிடம் சொன்னேன். பெயர் எதுவும் இல்லாமல், கதையாக. போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். இதுவே ஒரு அதிசயம்.

“ஸோ, அந்தக் கேஸ நாங்க ஸால்வ் பண்ணோம்!” என்றாள்.

“நாங்க இல்லட்டி, நாம” என்றேன்.

“அதான், நாம. நான் இல்லன்னா நீ மாட்டியிருப்ப” என்றாள். உண்மை. அவள் தமிழ் தப்பாக இருந்திருக்காவிட்டால் என் தமிழ் எனக்கு ஞாபகம் வந்திருக்காது. அன்றைக்கு அவளை அதற்குமேல் திருத்தவில்லை.

காண்ட்ராக்ட் புதுப்பிக்கப்பட்ட செய்தி அடுத்த வாரம் போனில் வந்தது. அரபியிலும் ஆங்கிலத்திலும், இரண்டு வரி.

7

முடிவுக் கடிதத்தைத் தபாலில் அனுப்புவதுதான் வழக்கம். நேரில் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றும் விதி உண்டு, யாரும் வருவதில்லை. குமரேசன் வந்திருப்பதாகக் கீழே வரவேற்பிலிருந்து கூப்பிட்டார்கள். வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். நானே இறங்கிப் போனேன்.

புதுச் சட்டை போட்டிருந்தார். நெற்றியில் திருநீறு. என்னைக் கண்டதும் எழுந்து, சிரமப்பட்டு இந்தியில் தொடங்கினார். “மேடம், லெட்டர்…”

“தமிழ்லயே பேசுங்க” என்றேன்.

கடிதத்தை நீட்டினேன். ஒரு பக்கம் அரபி, ஒரு பக்கம் ஆங்கிலம். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார். “என்னங்க போட்டிருக்கு?”

“வழக்கு முடிஞ்சுபோச்சு. உங்க மேல தப்பு இல்லன்னு போட்டிருக்கு. லைசென்ஸுக்கு ஒண்ணுமில்ல. ரேட்டப் பத்தி இனிமே மத்த மெஸ்காரங்ககிட்ட பேசாதீங்கன்னு ஒரு எச்சரிக்கை மட்டும்.”

“பயலுக விசா?”

“அதுக்கும் ஒண்ணுமில்ல.”

பக்கத்து நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூச்சை இழுத்து விட்டார். இரண்டு கையாலும் முகத்தை மேலிருந்து கீழாகத் துடைத்துக்கொண்டார். வரவேற்பில் இருந்த பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ஒரே மடக்கில் குடித்தார்.

“ரெண்டு மாசமுங்க. பயலுக எல்லாம் அடுப்புல நின்னுக்கிட்டே, அண்ணே ஊருக்குப் போகச் சொல்லிருவாங்களான்னு கேப்பானுங்க. என்னத்தச் சொல்லுறது?” என்றார். பிறகு கடிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “முன்னாடி நான் தப்பு பண்ணதா ஒரு ரிப்போர்ட் இருந்துச்சுன்னு மறுபடி வாக்குமூலம் வாங்குறப்ப சொன்னாங்களே, அத எழுதுனது யாருங்க?”

இதற்கு அலுவலகத்தில் தயாரான பதில் உண்டு. எங்கள் அறிக்கைகளில் ‘நாங்கள் கருதுகிறோம்’, ‘நாங்கள் முடிவு செய்கிறோம்’ என்றுதான் எழுதுவோம். யார் என்று யாருக்கும் தெரியாது. அதற்காகவே அப்படி எழுதுகிறோம். சட்டப்படி அவருக்கு அதைச் சொல்லவேண்டிய அவசியமும் எனக்கு இல்லை.

“நான்” என்றேன். “நான்தான் எழுதினேன்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்கிக்கொண்டு நின்றேன்.

“இப்ப இத மாத்தி எழுதுனது?”

“அதுவும் நான்தான்.”

கடிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தார். வைத்ததைச் சட்டைக்கு மேலாக ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“அப்ப சரிங்க” என்றார். “மத்தியானச் சாப்பாடு வண்டி கிளம்பணும்.”